பாதியில் நிற்கும் மஃப்ளரும் ஒற்றை நூலும்

கேள்வியைச் சுருக்கமாக மறுபடி எழுதிக்கொள்கிறேன். இரண்டு மாதமாக நிட்டிங் பழகுகிறீர்கள். முதல் மஃப்ளர் பாதியில் நிற்கிறது. 30 கண்ணியில் (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) ஆரம்பித்தது இப்போது 37 ஆகிவிட்டது. இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு குழாய் மாதிரி ஆகிறது. இதற்குள் மூன்று பேர் ‘எனக்கு ஒரு தொப்பி போட்டுக் கொடு’ என்று கேட்டும்விட்டார்கள். தொப்பி, கையுறை, சாக்ஸ், சின்னப் பை என்று இப்படியே பின்னிக்கொண்டிருப்பது பொழுதுபோக்காகச் சரிப்படுமா, இல்லை பொறுமைசாலிகளுக்கு மட்டும் எழுதிவைத்த வேலையா என்று கேட்கிறீர்கள்.

நான் இருபது வருடமாகப் பின்னுகிறேன். என்னைப் பொறுமைசாலி என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஆகவே அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு வேண்டியது வேறு ஒன்று: பின்னியதைப் பிரிக்கக் கை கூசாமல் இருப்பது. அது பழக்கத்தில் வந்துவிடும். அதைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதப்போகிறேன்.

முதலில் உங்கள் மஃப்ளர். ஓரம் சுருள்வது உங்கள் தப்பே இல்லை. நீங்கள் ஒரு வரிசை நிட் (நம் பக்கம் ‘வி’ மாதிரி தெரிகிற கண்ணி), ஒரு வரிசை பர்ல் (அதன் மறுபுறம், முண்டாகத் தெரிவது) என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பீர்கள். ஸ்டாக்கினெட் என்று சொல்கிற அந்தப் பின்னல் முன்பக்கம் வழுவழுவென்று அழகாக இருக்கும், ஆனால் சுருளும். ஒவ்வொரு கண்ணியும் பின்னாலிருந்து முன்னால் இழுத்துவிட்ட ஒரு வளையம். வளைத்துவிட்ட நூல் நிமிரப் பார்க்கும். எல்லா வளையமும் ஒரே திசையில் இழுக்கப்பட்டிருப்பதால் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக நிமிர்கின்றன: பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும், மேலும் கீழும் முன்பக்கமாகவும் சுருண்டுவிடும். இஸ்திரி போட்டாலும் கொஞ்ச நாளில் திரும்பச் சுருளும். ஓரத்தில் மட்டும் நாலு கண்ணி வேறு மாதிரி போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், அந்த நாலு கண்ணியையும் சேர்த்துக்கொண்டு அழகாகச் சுருண்டது. முன்னும் பின்னும் சமமாக இழுக்கிற பின்னல்தான் தட்டையாகக் கிடக்கும். எல்லா வரிசையும் நிட் போடுகிற கார்ட்டர், இரண்டு நிட் இரண்டு பர்ல் போடுகிற ரிப், ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போடுகிற மாஸ் பின்னல், இந்த மூன்றில் எதை எடுத்தாலும் மஃப்ளர் மஃப்ளராக இருக்கும்.

30 எப்படி 37 ஆனது என்பது வேறு கதை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் அங்கங்கே சின்ன ஓட்டை தெரிந்தால், நிட் வரிசையின் நடுவில் நூல் முன்னால் வந்துவிட்டதைக் கவனிக்காமல் பின்னியிருக்கிறீர்கள். முன்னால் கிடந்த நூல் ஊசியைச் சுற்றிக்கொண்டு புதுக் கண்ணி போல உட்கார்ந்துவிட்டது. ஓட்டை இல்லாமல் ஓரம் மட்டும் விரிந்துகொண்டே போனால், வரிசை ஆரம்பத்தில் நூலை ஊசிக்கு மேலாக இழுத்துப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படி இழுத்தால் முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி, பார்ப்பதற்கு இரண்டு கண்ணியாகத் தெரியும். நாமும் இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவோம். மூன்றாவதாக, தளர்வாக முறுக்கிய நூலாக இருந்தால் ஊசி நூலைப் பிளந்துகொண்டு நுழைந்து ஒன்றை இரண்டாக்கிவிடும். எனக்குக் கற்றுக்கொடுத்த சித்தி இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான் சொல்வார்: ‘வரிசை முடிஞ்சதும் எண்ணு.’ முதல் மாதம் அது எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து 60 வரிசை பிரித்தேன். மறுநாளிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

பிரிப்பது என்றதும் முகம் சுளிப்பீர்கள். ஆங்கிலத்தில் பின்னுபவர்கள் இதைத் தவளை வேலை என்பார்கள். ‘ரிப் இட், ரிப் இட்’ (பிரித்துவிடு, பிரித்துவிடு) என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தவளை கத்துகிற மாதிரியே இருக்கும். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்தில் கிடைத்த ஒரு ஜோடி சிவப்புக் கம்பளி சாக்ஸ் இருக்கிறது. சுமார் 1,600 வருடப் பழசு, செருப்பின் வார் நுழைவதற்காக விரல் பக்கம் இரண்டாகப் பிரிந்திருக்கும். படத்தைப் பார்த்தால் இன்றைய நிட்டிங் என்றே நினைப்போம். ஆனால் அது ஒற்றை ஊசியில், துண்டு துண்டான நூலை முழுக்க முழுக்க இழுத்துக் கோத்துச் செய்த வேறு முறை. அந்த முறையில் நுனியைப் பிடித்து இழுத்தால் பிரியாது. நம் நிட்டிங்கில் வளையத்துக்குள் வளையம் மட்டும்தான், எங்கேயும் முடிச்சு கிடையாது. நுனியை இழுத்தால் வந்த வழியே மொத்தமும் திரும்பிப் போய்விடும். துணியை வெட்டித் தப்பாகத் தைத்தால் துணி போனது போனதுதான். நிட்டிங்கில் ஒரு வாரம் செய்த தப்பு ஐந்து நிமிடத்தில் பழையபடி நூல்கண்டாகிவிடும். நேரம் போகிறது, வாஸ்தவம். நூல் எங்கேயும் போவதில்லை.

இதே குணம்தான் கழுத்தையும் அறுக்கும். ஊசியிலிருந்து ஒரே ஒரு கண்ணி நழுவினால் கீழே ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். பதறாமல் செய்யவேண்டியது இது: ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நழுவிய கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்தி நிறுத்துங்கள். ஒரு குரோஷா கொக்கியை எடுங்கள். நிட் பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, கொக்கியை முன்னாலிருந்து அந்தக் கண்ணிக்குள் விடுங்கள். அதற்கு மேலே ஏணிப்படி போலக் கிடக்கும் முதல் நூலைப் பிடித்துக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. அடுத்த படி, அதற்கடுத்த படி. மேலே வந்ததும் ஊசியில் மாட்டிவிடுங்கள். பத்துப் படி இறங்கிய கண்ணியை மேலே ஏற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைப் பழக ஒரு வழி: சின்னத் துண்டு ஒன்று பின்னி, வேண்டுமென்றே நடுவில் ஒரு கண்ணியை நழுவவிட்டு ஏற்றுங்கள். ஐந்து தடவை செய்தால் பயம் தெளிந்துவிடும்.

பூ வேலைப்பாடு உள்ள ஷால் மாதிரி எதையாவது எடுத்தால் பிரிப்பதிலும் ஒரு பாதுகாப்பு வைத்துக்கொள்ளலாம். சரியாக முடிந்த ஒரு வரிசையில், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத்தில் மெல்லிய நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிடுவது. மேலே எங்காவது சொதப்பினால் தைரியமாக இழுத்துப் பிரிக்கலாம், அந்த நூல் வரைக்கும் வந்து நின்றுகொள்ளும். இதற்கு உயிர்நூல் என்று பெயர். ஐந்து நிமிட வேலைதான். அதைச் செய்யச் சோம்பல்பட்ட அன்றுதான் தப்பு வரும்.

சரி, தொப்பிக்கு வருவோம். மூன்று பேர் காத்திருக்கிறார்கள் அல்லவா.

என் முதல் தொப்பிக்குள் இரண்டு தலை நுழையும். செய்முறையில் சொன்ன கண்ணி எண்ணிக்கைதான், சொன்ன ஊசிதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்: 10 செ.மீ. அகலத்துக்கு என் கையில் எத்தனை கண்ணி வருகிறது என்று பார்க்கவில்லை. இந்தக் கணக்குக்குச் செய்முறைகளில் டென்ஷன் என்று பெயர். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தொப்பி தலையைப் பிடித்து நிற்க 5 செ.மீ. குறைத்து 51 செ.மீ.க்குப் பின்னவேண்டும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்றால் 102 கண்ணி. இப்போது உங்கள் கை கொஞ்சம் தளர்ந்த கை, 10 செ.மீ.க்கு 18 தான் வருகிறது என்றால் அதே 102 கண்ணி கிட்டத்தட்ட 57 செ.மீ. ஆகிவிடும், கண்ணை மறைக்கும். 16 வந்தால் 64 செ.மீ. அதுதான் என் முதல் தொப்பி. 10 செ.மீ.யில் இரண்டு கண்ணி என்பது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், தலையில் மாட்டினால்தான் தெரியும். ஆகவே மாதிரித் துண்டு ஒன்று 15 செ.மீ. சதுரத்துக்குப் பின்னி, நனைத்துக் காயவைத்து, நடுவில் ஸ்கேல் வைத்து எண்ணுங்கள். கண்ணி குறைவாக வந்தால் அடுத்த சின்ன ஊசி, அதிகமாக வந்தால் அடுத்த பெரிய ஊசி. கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள், பத்து வரிசைக்கு மேல் எந்தக் கையும் பொய் சொல்லாது.

மாதிரித் துண்டும் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டையாகப் பின்னும்போது ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். தொப்பியை வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைத்த இரண்டு ஊசி முனைகள்) சுற்றிச் சுற்றிப் பின்னும்போது எல்லாமே நிட். நிறையப் பேருக்குப் பர்ல் கொஞ்சம் தளர்வாக வரும். அதனால் தட்டைத் துண்டில் ஒரு கணக்கும், தொப்பியில் வேறு கணக்கும் வரும். தொப்பிக்கான மாதிரியையும் வட்டமாகவே பின்னிப் பாருங்கள். தொப்பி சின்னப் பொருள் என்பதால் நான் இப்போதெல்லாம் தொப்பியையே மாதிரியாக வைத்துக்கொள்கிறேன். 5 செ.மீ. பின்னி அளந்து பார்ப்பேன், சரியில்லை என்றால் பிரித்துவிடுவேன். சின்னப் பொருள்களின் வசதியே இதுதான். ஸ்வெட்டரில் மூன்று மாதம் கழித்துத் தெரிகிற தப்பு தொப்பியில் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும்.

தொப்பியில் இன்னொரு கண்ணி வெடி உண்டு. வட்ட ஊசியில் கண்ணி ஏற்றி இரண்டு முனையையும் இணைக்கும்போது ‘முறுக்காமல் இணைக்கவும்’ என்று எல்லாச் செய்முறையிலும் போட்டிருக்கும். எல்லாரும் அதைப் படிப்போம், எல்லாரும் ஒருமுறையாவது முறுக்குவோம். முறுக்கி இணைத்துவிட்டால் நாலைந்து சுற்று போன பிறகுதான் தெரியும், துணி ஒரு பக்கம் புரண்டு கிடக்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை, முழுக்கப் பிரிக்கவேண்டியதுதான். நான் செய்கிற தந்திரம்: முதல் வரிசையைத் தட்டையாகவே பின்னிவிட்டு இரண்டாம் வரிசையில் இணைப்பது. ஒரு வரிசை துணி இருந்தால் எது மேல், எது கீழ் என்று கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் விட்ட சின்ன இடைவெளியைத் தொங்குகிற நூலால் கடைசியில் தைத்துவிடலாம்.

கண்ணி ஏற்றுவதை, அதாவது ஊசியில் முதன்முதலாக வளையங்களைப் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூல் நுனியில் நீள வாலை விட்டு ஏற்றுகிற முறைதான் பெரும்பாலும் முதலில் கற்றுக்கொடுப்பார்கள். வால் எவ்வளவு நீளம் வேண்டும் என்று முன்கூட்டியே ஊகிக்கவேண்டும். அகலத்தைப் போல மூன்று மடங்கும், கூட ஒரு சாணும் விடலாம். 102 கண்ணியில் 95-வது கண்ணிக்கு வால் தீர்ந்துபோகிற அந்த நிமிடத்தைப் போல எரிச்சல் இந்தக் கலையில் வேறு இல்லை. தப்பிக்க வழி, நூல்கண்டின் உள்நுனியையும் வெளிநுனியையும் முடிச்சுப் போட்டு இரண்டையும் சேர்த்து ஏற்றி, முடிந்ததும் ஒன்றை வெட்டிவிடுவது. இன்னொன்று, ஏற்றும்போது இறுக்கிவிட்டால் தொப்பியின் விளிம்பு நெற்றியில் கோடு போடும். ஒரு அளவு பெரிய ஊசியில் ஏற்றி, பிறகு சரியான ஊசிக்கு மாறுங்கள். கடைசியில் கண்ணி முடிக்கும்போதும் அதே எச்சரிக்கை. கழுத்தில் மாட்டும் வளைய மஃப்ளர் ஒன்றை ஒரு தோழிக்கு முடித்துக் கொடுத்தேன். எல்லாம் சரி, தலை மட்டும் நுழையவில்லை.

நூல் விஷயத்தில் கடையில் நிறம்தான் முதலில் கண்ணில் படும். நிறத்துக்கு முன்னால் நாரைப் பார்க்கவேண்டும். கம்பளி மீள்தன்மை உள்ளது, இழுத்தால் நீண்டு திரும்பவும் வரும், நம் கை முன்பின்னாக இருந்தாலும் மன்னித்துவிடும். ஈரத்தைத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை உறிஞ்சிக்கொண்டும் நனைந்த மாதிரி தெரியாது. தொப்பிக்கும் சாக்ஸுக்கும் அதுதான் பிரமாதம். ஆனால் கம்பளி நாரின் மேல் மீன் செதில் மாதிரி செதில்கள் உண்டு. சுடுதண்ணீர், சோப்பு, அலசல் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. ஒற்றை நூலாகத் திரும்பிப் போகும் என்று இவ்வளவு நேரம் பெருமையடித்தேன் அல்லவா, அதற்கு இது விதிவிலக்கு. நான் மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட வரிவரியான தொப்பியை வீட்டில் யாரோ வாஷிங் மெஷினில் போட்டு எடுத்தார்கள். பொம்மைத் தலைக்குச் சரியாக இருந்தது. இதையே வேண்டுமென்றே செய்வதும் உண்டு. கைப்பையை ஒன்றரை மடங்கு பெரிதாகப் பின்னி, சுடுதண்ணீரில் அலசிச் சுருக்கினால் கெட்டியான கம்பளித் தகடு மாதிரி வரும். ஓட்டை இருக்காது, சாமான் வைத்தால் இழுபடாது. என் தொப்பி செத்தபோது அழுதேன், ஆறு மாதம் கழித்து அதே விபத்தை நானே நடத்திப் பை செய்துகொண்டேன்.

மெஷினில் போடக்கூடிய சூப்பர்வாஷ் கம்பளி என்று கிடைக்கும், செதில்களை மழுக்கிவிட்டிருப்பார்கள். ஆனால் அது ஈரத்தில் கொஞ்சம் தளரும். பருத்தி நூலுக்கு மீள்தன்மை குறைவு. கைக்கு வேலை, கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். பருத்தியில் பின்னிய பைக்கு உள்ளே துணி வைத்துத் தைக்காவிட்டால் தோளில் மாட்டிய வார் முழங்கால் வரை இறங்கும். அக்ரிலிக் துவைக்கச் சுலபம், பழக நல்லது. சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் காட்டிவிடாதீர்கள். உயிர்விட்ட மாதிரி தொங்கிப்போகும், மீட்க முடியாது. எந்த நூலானாலும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்காமல் கழுத்தில் வைத்துப் பாருங்கள். கைத்தோல் பொறுத்துக்கொள்வதைக் கழுத்து பொறுக்காது. லேபிளில் நிறத்தின் எண்ணோடு சாயத் தொகுதி எண் ஒன்றும் இருக்கும். இரண்டு கண்டு வேண்டுமென்றால் அந்த எண் ஒன்றாக இருக்கவேண்டும். கடை வெளிச்சத்தில் ஒரே நீலமாகத் தெரிவது வெயிலில் இரண்டு நீலமாகிவிடும். கறுப்பு நூலில் மட்டும் ஆரம்பத்தில் கைவைக்காதீர்கள், ராத்திரி விளக்கில் கண்ணி எது, இடைவெளி எது என்றே தெரியாது.

மஃப்ளருக்கு அடுத்து எதற்குப் போகலாம் என்றால், நான் ஹெட்பேண்டைச் சொல்வேன். அரை நாளில் முடியும், அளவு கொஞ்சம் தப்பினாலும் தலையில் நிற்கும். மஃப்ளர் சுலபம் என்று எல்லாரும் அதைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 40 கண்ணி அகலத்தில் 180 செ.மீ. நீளம் என்றால் சுமார் 470 வரிசை, கிட்டத்தட்ட 19 ஆயிரம் கண்ணி. ஒரே மாதிரியான 19 ஆயிரம் கண்ணி! பாதியில் நிற்பதற்கென்றே செய்த பொருள் அது. உங்களுடையது நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

கையுறைக்குப் போகுமுன் விரல் பிரியாத மிட்டன் ஒன்று போட்டுவிடுங்கள். ஐந்து விரல் கையுறையில் ஒவ்வொரு விரலும் இருபது கண்ணிக்குள்ளே ஒரு தனிக் குழாய். நாலைந்து இரு முனை ஊசிகள் முள்ளம்பன்றி மாதிரி நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். விரலிடுக்கில் ஓட்டை விழும். அங்கே இரண்டு கண்ணி கூடுதலாக எடுத்து அடுத்த சுற்றில் சேர்த்துப் பின்னவேண்டும், மிச்ச ஓட்டையை வால் நூலால் உள்பக்கமாக இழுத்து மூடவேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்து, உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல் வருகிற மாதிரி ஒரு ஜோடி போட்டேன். முடித்து மேசையில் வைத்துப் பார்த்தபோது இரண்டுமே இடது கை. இரண்டாவதைக் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிப் போடவேண்டும் என்று செய்முறையில் ஒரே வரியில்தான் எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்த ஞாபகமும் இருக்கிறது.

சாக்ஸைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. என் மட்டில் நிட்டிங்கின் உச்சம் சாக்ஸின் குதிகால்தான். மெல்லிய நூல், 2.5 மி.மீ. ஊசி, 64 கண்ணி என்று சுற்றிக்கொண்டே குழாயாக இறங்குவீர்கள். குதிகால் வந்ததும் பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னவேண்டும். வரிசை முடியுமுன்னே நடுவிலேயே திரும்பவேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணி தள்ளித் திரும்பவேண்டும். படிக்கும்போது ஒன்றும் புரியாது. ‘இது எழுத்துப் பிழையாக இருக்கும்’ என்றுகூடத் தோன்றும். புரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதியிருக்கிறபடி அப்படியே கையைக் கொண்டுபோங்கள். இருபது நிமிடத்தில் தட்டையாக இருந்த துணி கையிலேயே குழிந்து, ஒரு கிண்ணம் மாதிரி திரும்பியிருக்கும். வெட்டவில்லை, தைக்கவில்லை, திரும்பிய இடம் மட்டும்தான் மாறியது. முதல் குதிகால் திரும்பிய அன்று நான் அதை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் காட்டினேன். ‘நல்லா இருக்கு, இது என்ன?’ என்று கேட்டார்கள்.

சாக்ஸின் விரல் முனையில் இரண்டு வரிசைக் கண்ணிகளைத் தைத்த தடம் தெரியாமல் ஊசிநூலால் இணைக்கிற முறைக்குக் கிச்னர் என்று பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த கிச்னரின் பெயர்தான் அது. போர்முனைக்கு வீட்டில் இருந்தவர்கள் மூட்டை மூட்டையாக சாக்ஸ் பின்னி அனுப்பிய காலம். ஈரப் பதுங்குகுழியில் நாள்கணக்கில் நிற்கிறவன் காலில் விரல் முனையில் ஒரு தடிப்பு உறுத்தினால் புண்ணாகிவிடும். அதனால்தான் தடம் தெரியாத இணைப்பு. ஒவ்வொரு முறையும் அந்த முறையை நான் மறந்துபோய்த் திரும்பப் பார்த்துத்தான் செய்கிறேன்.

முதல் சாக்ஸ் முடிந்த கையோடு வருகிற வியாதி இரண்டாவது சாக்ஸ். புதுசாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது, அதே வேலை மறுபடி முதலிலிருந்து. என் அலமாரியில் துணை இல்லாத ஒற்றை சாக்ஸ் மூன்று இருக்கின்றன. முதலாவதை முடித்த அதே இடத்தில், எழுந்திருக்காமல், இரண்டாவதற்குக் கண்ணி ஏற்றிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து. எத்தனை சுற்று போட்டோம் என்பதைக் காகிதத்தில் எழுதியும் வையுங்கள். ‘ஞாபகம் இருக்கும்’ என்று நினைப்போம், இருக்காது.

கைவலியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசியை இறுக்கிப் பிடிப்பது எல்லாரும் ஆரம்பத்தில் செய்வதுதான். கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள். தட்டையான வேலைக்கும் வட்ட ஊசியைப் பயன்படுத்தினால் பின்னிய துணியின் பாரம் மடியில் உட்கார்ந்துகொள்ளும், மணிக்கட்டுக்கு ஏறாது. உலோக ஊசியில் கண்ணி வேகமாக ஓடும், நழுவவும் செய்யும். மூங்கில் ஊசி கொஞ்சம் பிடித்து வைக்கும், புதியவர்களுக்கு அதுதான் நிம்மதி.

இனி சந்தோஷம். ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்கிறேன்: மிச்சம் பிடிக்கலாம் என்று இதில் இறங்கினால் ஏமாற்றம்தான். 1589-இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் காலுறை பின்னும் சட்டகத்தைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்தே கை இயந்திரத்திடம் தோற்றுவிட்டது. கடையில் கிடைக்கும் தொப்பி நம்முடையதைவிட ஒழுங்காக இருக்கும், நாம் வாங்கும் நூலைவிட மலிவாகவும் இருக்கும். அப்படியும் ஏன் பின்னுகிறோம்? டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 2021-இல் நடந்தபோது பிரிட்டனின் டைவிங் வீரர் டாம் டேலி பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த படம் உலகமெல்லாம் போனது. தான் வென்ற தங்கப் பதக்கம் கீறல் படாமல் இருக்க ஒரு சின்னப் பையையும் அவரே பின்னினார், ஒரு பக்கம் பிரிட்டன் கொடி, மறுபக்கம் ஜப்பான் கொடி. பதக்கத்துக்குப் பெட்டி கிடைக்காமலா போகும்? தன் பொருளுக்குத் தன் கையால் ஓர் உறை. அந்த ஆசையைக் காரணம் சொல்லி விளக்க எனக்குத் தெரியவில்லை.

கைக்குத் தெரிகிற சந்தோஷங்களைச் சொல்ல முடியும். இரு முனை ஊசியில் மூன்றே மூன்று கண்ணி ஏற்றுங்கள். ஒரு வரிசை நிட். திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளுங்கள். நூல் பின்பக்கமாக வரும்படி இறுக்கிப் பிடித்து மறுபடி நிட். ஏதோ தப்பாகச் செய்கிற மாதிரியே இருக்கும், ஆறேழு வரிசை போனதும் கீழே இழுத்துவிடுங்கள், உருண்டையான அழகான கயிறு ஒன்று தொங்கும். பைக்கு வார், மிட்டனுக்குத் தொங்குகயிறு, தொப்பிக்கு நாடா எல்லாம் இதிலேயே ஆகும். எலிசபெத் ஜிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை இதற்கு வைத்த பெயர் முட்டாள் கயிறு, அவ்வளவு சுலபம். இதே மாதிரி, ஓட்டை ஓட்டையாகப் பூ வேலை செய்த ஷால் ஊசியிலிருந்து இறங்கும்போது கசக்கிப் போட்ட துணி மாதிரிதான் இருக்கும். அதை நனைத்துப் பிழிந்து, மெத்தை மேல் விரித்து, ஓரமெல்லாம் இழுத்துப் பின் குத்திக் காயவையுங்கள். மறுநாள் காலையில் பின்னை எடுத்தால் ஒவ்வொரு பூவும் திறந்திருக்கும். ஷெட்லாந்துத் தீவுகளில் அப்படிப் பின்னும் மெல்லிய ஷால்கள் முழு அகலமும் ஒரு மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும்.

பரிசு கொடுப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். ‘நூலுக்கு என்ன ஆகும், சொல்லு’ என்று கேட்பவர்கள் உங்கள் மூன்று வாரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, பின்னாதவர்களுக்கு அது தெரியாது. நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: கேட்டவருக்குப் போடுவதில்லை, எனக்குப் போடத் தோன்றியவருக்குத்தான் போடுவேன். கம்பளியை மெஷினில் போடுகிற வீட்டுக்கு அக்ரிலிக்தான் போகும். கொடுத்த பிறகு அதை மாட்டிக்கொள்கிறார்களா என்று கண்காணிக்கவும் கூடாது. கண்காணிப்பேன், அது வேறு விஷயம். என் அண்ணன் மகன் நான் போட்ட தொப்பியின் உள்விளிம்பில் நூல் முனை ஒன்று வெளியே வந்துவிட்டது என்று சொல்லி, மூன்று வருடம் கழித்துச் சரிசெய்யக் கொண்டுவந்தான். விளிம்பு தேய்ந்து மெலிந்திருந்தது. அவ்வளவு நாள் போட்டிருக்கிறான்.

இப்போது உங்கள் மஃப்ளரை எடுங்கள். ஊசியை உருவிவிட்டு நுனியைப் பிடித்து இழுங்கள். நூல் சுருள் சுருளாக நூடுல்ஸ் மாதிரி வரும், அப்படியே கண்டாகச் சுற்றாதீர்கள். நாற்காலி முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்துத் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் நெளிவு போய்விடும். பிறகு 34 கண்ணி ஏற்றி, முதல் வரிசையை இரண்டு நிட்டில் ஆரம்பித்து, இரண்டு பர்ல் இரண்டு நிட் என்று மாற்றிப் போட்டுக்கொண்டே போங்கள், வரிசை இரண்டு நிட்டில் முடியும். திருப்பியதும் எதிரே தெரிவது பர்லாகத்தான் இருக்கும், அதனால் அடுத்த வரிசையை இரண்டு பர்லில் ஆரம்பியுங்கள், இப்படியே வரிசைக்கு வரிசை மாறி மாறி வரும். சந்தேகம் வந்தால் துணியைப் பாருங்கள்: ‘வி’ மாதிரி தெரிந்தால் நிட், முண்டாகத் தெரிந்தால் பர்ல். வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். தொப்பி கேட்ட மூன்று பேரிடமும் இப்போதைக்குத் தலை அளவை மட்டும் வாங்கி வையுங்கள்.